பழைய படைக்கத்திகளை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பழைய லயத்து வீடுகளைக் காலி செய்யும்போது, கூரைச் சட்டத்தின் மேலிருந்தோ சாமி மேடைக்குப் பின்னாலிருந்தோ படைக்கத்தி ஒன்று வெளிவருவது அதிசயமில்லை. 1941 டிசம்பரிலிருந்து 1945 வரை ஜப்பானியர் இந்த நாட்டில் இருந்தார்கள். 1948 ஜூன் 16 அன்று இவ்வூருக்கு அருகே எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று துரைமார் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்ததால், பிரிட்டிஷ் படையினரும் கூர்க்காக்களும் நெடுங்காலம் இந்தக் காடுகளில் நடமாடினார்கள். ஆகவே அசல் பொருள் கிடைக்க வாய்ப்புண்டு. அதே வாய்ப்பைக் காட்டித்தான் போலியும் விற்கப்படுகிறது.

நான் கண்ட தவறுகளில் ஈடுசெய்யவே முடியாதது, பார்ப்பதற்கு முன்பே தேய்த்துவிடுவது. எங்கள் தெருவில் இருக்கும் மாமா ஒருவர், தம் அப்பா வைத்திருந்த ஜப்பானியத் துப்பாக்கிமுனைக் கத்தியை என்னிடம் காட்ட விரும்பி, முதல் நாளே கிரைண்டரில் கொடுத்துத் துருவைப் போக்கிவிட்டார். "துருப் பிடிச்சதைக் கொண்டாந்து காட்ட ஒரு மாதிரியா இருந்துச்சு தம்பி" என்றார். பிடியை ஒட்டி அலகின் பக்கவாட்டில், ஒன்றோடொன்று பின்னிய நான்கு வட்டங்கள் இருந்திருக்க வேண்டும். டோக்கியோ, கொக்குரா படைக்கலச் சாலைகளின் குறி அது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது இரண்டு வட்டங்களின் ஓரம் மட்டும் நகக்கீறல்போலத் தெரிந்தது. அலகின் நீளத்துக்கு ஓடும் பள்ளத்தின் விளிம்பும் மழுங்கியிருந்தது. கத்தி அசல்தான், ஆனால் அதை அசல் என்று பிறரிடம் காட்டுவதற்கான ஆதாரத்தில் பாதி, சாணைத்தூளோடு போய்விட்டது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துருவிலும் வேறுபாடு உண்டு. தொட்டால் விரலில் ஒட்டும் சிவந்த துரு, இரும்பை இன்னும் தின்றுகொண்டிருப்பது; அதன்மேல் மெல்லிய எந்திர எண்ணெயைத் தடவிச் சில நாள்கள் ஊறவிட்டுப் பருத்தித் துணியால் துடைத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். கருத்துப்போய் அலகோடு ஒட்டிப் படிந்திருப்பதோ வயதின் சாட்சி; அதைத் தொடவே கூடாது. உப்புத்தாள், கம்பி பிரஷ், புளி, வினிகர் எதுவும் வேண்டாம்.

போலி செய்பவர்கள் இந்தக் கருமையை அமிலத்தால் வரவழைக்கிறார்கள். ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலம் இரும்புத் தகட்டில் தெறித்தால் என்ன ஆகும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அமிலம் தின்ற அலகில் குழிகள் எங்கும் ஒரே ஆழத்தில், அம்மைத் தழும்புபோல ஒரே சீராக இருக்கும். காலத்தின் துரு அப்படி வராது. கைபட்ட இடம் ஒரு மாதிரியும், உறைக்குள் ஈரம் தங்கிய இடம் வேறு மாதிரியும், பிடிப்பலகைக்கு அடியில் இன்னொரு மாதிரியும் இருக்கும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், இந்த வேறுபாடு கண்ணுக்குப் படும்.

கரடுமுரடாக இருப்பதெல்லாம் போலி என்று ஒதுக்குவதும் தவறு. மேலே சொன்ன ஜப்பானியக் கத்தி, பேரரசர் மெய்ஜி ஆட்சியின் 30-ஆம் ஆண்டான 1897-இல் ஏற்கப்பட்டதால் 30-ஆம் வகை எனப்படுகிறது. அலகு மட்டும் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். தொடக்ககாலக் கத்திகளில், பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குக் காப்பு கொக்கிபோல வளைந்திருக்கும், அலகில் பள்ளம் ஓடும், வேலைப்பாடு நேர்த்தியாக இருக்கும். போர் முற்றி இரும்பும் ஆளும் நேரமும் குறைந்தபோது காப்பு நேர்க்கம்பியாயிற்று, பள்ளம் மறைந்தது, உறைகூட மரத்தில் வந்தது. அரம் ராவிய தடம் அப்படியே தெரியும் கடைசிக்காலக் கத்தி அசலாக இருக்கலாம். மாறாக, அலகில் அழகான செவ்வந்திப் பூ முத்திரை இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். அந்த அரச முத்திரை துப்பாக்கியில் பொறிக்கப்பட்டதேயன்றி இந்தக் கத்தியில் அல்ல.

இன்னொரு தவறு, கத்தியைப் பார்க்காமல் கதையைக் கேட்டு விலை பேசுவது. பெரிய இடத்துப் பொருள், கமாண்டோ வைத்திருந்தது என்று சொல்லி, இருபுறமும் கூருள்ள ஃபேர்பேர்ன்–சைக்ஸ் கத்திகளை நீட்டுவார்கள். வில்கின்சன் நிறுவனம் முதலில் செய்த வடிவத்தில் காப்பு 'எஸ்' எழுத்துப்போல நெளிந்திருக்கும். இரண்டாம் வடிவத்தில் அது நேரானது. பிடியில் வளையம் வளையமாக வரியுள்ள மூன்றாம் வடிவமோ போருக்குப் பிறகும் தொடர்ந்து செய்யப்பட்டது. எனவே வரிப்பிடியைப் பார்த்தவுடன் 1940-களின் போர்க்களத்தை நினைத்துப் பணத்தை எண்ணக்கூடாது. கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரியிலும் இதே நிலைதான். சிங்கத்தலைப் பித்தளைப் பிடியும் 'இந்தியா' என்ற முத்திரையும் உள்ளவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்பட்டவை. படைக்கு வழங்கியவற்றில் அலங்காரத்தைத் தேடாமல், பிரிட்டிஷ் அரசுப் பொருள் என்பதைக் காட்டும் அகன்ற அம்புக்குறியையும் ஆண்டையும் தேட வேண்டும்.

உறையும் கத்தியும் ஒரே காலத்தவையா என்று பார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். அலகு உறைக்குள் தடதடவென ஆடினாலோ, நுனி அடிவரை போகாமல் நின்றாலோ, இரண்டும் பிறகு சேர்த்து வைக்கப்பட்டவை என்று கொள்ளலாம். அப்போது இரண்டுக்கும் தனித்தனியே விலை பேசுவதே முறை.

வாங்கிய பிறகு தோலுறைக்குள்ளேயே கத்தியைச் செருகி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தை அந்தத் தோல் உறிஞ்சி அலகின்மேலேயே வைத்திருக்கும். செம்பு, பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பும் ஏறும். எண்ணெய் தடவிய அலகைத் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வையுங்கள். உறை தனியே இருக்கட்டும். பிறரிடம் காட்டவோ விற்கவோ விரும்பினால் படமெடுத்து அனுப்பலாம், அல்லது பார்க்க வேண்டியவரை வீட்டுக்கு வரச் சொல்லலாம். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் இத்தகைய ஆயுதத்தை வைத்திருப்பது மலேசியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுவது அந்தச் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளும் செயல்.