பரண்ல கிடக்குற பேக்பேக்கை நாப்பது வயசுக்கு மேல திரும்ப தூக்குறது எப்படி

2003 மே மாசம் காலேஜ் முடிஞ்ச கையோட நாங்க நாலு பேர் கிளம்பினோம், ஆளுக்கு ஐயாயிரம் ரூபா, 24 நாள், ஆக்ரா டெல்லி சிம்லா மணாலி எல்லாம் சுத்திட்டு செருப்பு அறுந்து வந்து சேந்தோம். இமாச்சல்ல உயரமான மலைப் பள்ளத்தாக்கு ஸ்பிதி, அது மட்டும் போக முடியல, அங்க போற வழில உள்ள குன்சம் பாஸ்ல (மலைக் கணவாய்) இன்னும் பனி வெட்டலன்னு மணாலில கைய விரிச்சுட்டாங்க. அந்த ஒரு குறை இருபது வருஷத்துக்கு மேல உள்ளயே கிடக்கு, இப்ப அதுக்குத்தான் பிளான் ஓடுது. உங்களுக்கும் இப்படி ஏதாவது பாக்கி இருக்கும்ல, எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல பழைய டிரிப்ப அப்படியே திரும்ப அடிக்க பாக்காதீங்க. அதே லாட்ஜ் இருக்காது, அதே டீ பத்து மடங்கு விலை, நீங்களும் அதே ஆள் இல்ல. பழைய போட்டோவ எடுத்து வச்சு (நாங்க ஒரு ரோல்ல 36 போட்டோன்னு கஞ்சத்தனமா எடுத்தது) எந்த இடம் விட்டுப்போச்சுன்னு பாருங்க, அதுல ஒண்ணே ஒண்ண புடிங்க.

அடுத்து ரூட், இதுலதான் வயசு பேசும். மணாலி வழியா போனா சுமார் 2,000 மீட்டர்லேர்ந்து 4,551 மீட்டர் குன்சம் ஏறி அன்னிக்கு சாயங்காலமே ஸ்பிதியோட முக்கிய ஊரான காசால இறங்கணும், இருபது வயசுக்காரனுக்கே தலை வெடிக்கும். அதனால சிம்லா பக்கமா போங்க. சிம்லா 2,200, கல்பா 2,900 சொச்சம், தாபோ 3,280, அப்புறம் 3,600க்கு மேல காசா, மெதுவா ஏறுறதால உடம்பு பழகிக்கும். 3,000 மீட்டர் தாண்டினா தூங்குற உயரத்த ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்கன்னு டாக்டருங்க சொல்றது இதுக்குத்தான். பிபி மாத்திரை போடுறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர பாத்துடுங்க, அங்க போய் மெடிக்கல் ஷாப் தேட முடியாது. தாபோல ரெண்டு நாள் தங்குங்க, அங்க உள்ள கோம்பா (புத்த மடம்) கிபி 996ல கட்டினது, நம்ம தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கும் மூத்தது, மண்ணுல கட்டி இன்னும் நிக்குது!

டிக்கெட் விஷயம். நாங்க அப்ப போனது சர்க்குலர் ஜர்னி டிக்கெட்ல, கிளம்புன ஸ்டேஷன்லயே வந்து முடியணும், நடுவுல எட்டு இடம் வரைக்கும் இறங்கி ஏறலாம், மொத்த தூரத்துக்கும் சேத்து கணக்கு போடுறதால தனித்தனியா எடுக்குறத விட மலிவு. ஐஆர்சிடிசில கிடைக்காது, பெரிய ஸ்டேஷன்ல ரூட்ட எழுதி குடுத்து கேக்கணும், பர்த் ரிசர்வேஷன் ஒவ்வொரு ரயிலுக்கும் தனியா போடணும், கவுண்டர்ல இருக்குறவங்களே சில சமயம் முழிப்பாங்க, பொறுமை வேணும். சாதா ரிசர்வேஷன் டிக்கெட்ட முன்னெல்லாம் 120 நாளுக்கு முன்னாடியே புக் பண்ணலாம், 2024 நவம்பர்லேர்ந்து 60 நாள்தான், அலாரம் வச்சுக்கோங்க. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி ஒரு பகல்ல டெல்லி, அங்கேர்ந்து கால்கா. கால்கா சிம்லா குட்டி ரயில கண்டிப்பா விடாதீங்க, 96 கிலோமீட்டர், 1903லேர்ந்து ஓடுது, நூறு டனலுக்கு மேல, சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும், பஸ்ல சீக்கிரம் போயிடலாம்தான் ஆனா எதுக்கு.

மாசம்? ஜூலை ஆகஸ்ட் வேணாம், சிம்லாலேர்ந்து ஸ்பிதி போற வழில வர்ற கின்னவுர் ரோட்ல மண் சரியும். செப்டம்பர் நல்லது, வழியெல்லாம் ஆப்பிள் பறிச்சுட்டு இருப்பாங்க.

பை எட்டு கிலோவ தாண்டக்கூடாது. முக்கியமா ஜிப்புக்கு பூட்டு போடுற மாதிரி பை வாங்குங்க, பூட்டு இல்லாத பைய ஸ்டேஷன் கிளோக் ரூம்ல வாங்க மாட்டாங்க, அப்ப நாங்க கயிறு கட்டுன பையோட ஆக்ராவுல வெயில்ல அலைஞ்சது இதனாலதான். கேஷ் கொஞ்சம் கூடவே வச்சுக்கோங்க, மலைல நெட்வொர்க்க நம்பி யுபிஐய மட்டும் வச்சுட்டு போகாதீங்க.

கடைசியா ஆளுங்க. நாலு பேருக்கும் ஒரே சமயத்துல லீவு கிடைக்கும்னு காத்திருந்தா ரிட்டயர்மெண்ட்தான். தேதிய நீங்களே முடிவு பண்ணி குரூப்ல போடுங்க, வர்றவன் வரட்டும். நான் போட்டேன், ஒருத்தன் ஓகே சொல்லிட்டான், ஒருத்தன் பொண்ணுக்கு பரீட்சைன்றான், மூணாவது ஆள் அங்க வெந்நி கிடைக்குமாடான்னு மட்டும் கேட்டுட்டு இருக்கான்.