‘அரோசித்தல்’: எபிரேய வினையில் இடறும் இடங்கள்

எபிரேயம் படிக்கத் தொடங்கியவர்களின் பிரசங்கக் குறிப்புகளைத் திருத்த உட்கார்ந்தால், என் பழைய தவறுகளே வேறு கையெழுத்தில் வந்து நிற்கின்றன. உயிர்க்குறிகளைத் தப்பாக வாசிப்பதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அதை விடுகிறேன். லேவியராகமம் 26-ல் வரும் ‘காஅல்’ என்ற வினையில்தான் சிக்கல். குமட்டி ஒதுக்குவது என்று பொருள். நம் பழைய வேதாகமத்தில் ‘அரோசித்தல்’.

காதை நம்பி வேர் தேடுவது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இந்த வினையின் நடுவில் ‘ஆயின்’ என்ற எபிரேய எழுத்து இருந்தால் அரோசித்தல். ‘ஆலெப்’ என்ற எழுத்து இருந்தால் மீட்டல், அதாவது ரூத்தின் புத்தகத்தில் ரூத்துக்காகப் போவாஸ் செய்வது. சங்கீதம் 119-ல் முதல் வசனத்துக்கும் 121-ம் வசனத்துக்கும் மேலே தலைப்பாக நிற்பவை இந்த இரண்டு எழுத்துகளே. தமிழில் எழுதும்போது இரண்டு வினைகளும் ஒன்றாகிவிடுகின்றன.

போதாக்குறைக்கு, 25-ம் அதிகாரம் நெடுக நிலத்தையும் வறுமையில் விலைபோன சகோதரனையும் மீட்கும் பேச்சு. அந்தச் சூட்டோடு ஒரு மாணவர் 26:30-க்கு வந்து, ‘மேடைகளை அழித்தபின்னும் தேவனுடைய ஆத்துமா நம்மை மீட்கும்’ என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டார். அங்கே இருப்பதோ அவர் ஆத்துமா அவர்களை அரோசிக்கும் என்பது. உருக்கமான பிரசங்கம், அப்படியே தலைகீழ்! மொபைலில் ஆங்கில எழுத்தில் தேடியதன் பலன்.

வேதாகமச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஸ்ட்ராங் அகராதி தரும் எண்ணைப் பாருங்கள்: அரோசித்தல் 1602, மீட்டல் 1350. அதையும் அவசரமாகப் பார்க்காதீர்கள். 1351 என்ற எண்ணும் நடுவில் ஆலெப் உள்ள வினைதான், ஆனால் பொருள் தீட்டுப்படுத்துதல். மல்கியா 1:7-ல் பலிபீடத்து அப்பத்தைப் பற்றி வருவது அது.

ஒரே வசனத்தோடு நிறுத்துவது

லேவியராகமம் 26-ல் அரோசித்தல் வினை 5 முறை வருகிறது. 11-ல் உங்களை அரோசிப்பதில்லை என்கிறார் தேவன். 15-ல் ஜனங்கள் அவருடைய நியாயங்களை அரோசிக்கிறார்கள், 30-ல் அவர் அவர்களை. 43-ல் மறுபடியும் ஜனங்கள். 44-ல், சத்துருக்களின் தேசத்தில் இருக்கும்போதுகூட அடியோடு அழிக்குமளவுக்கு அரோசிக்கமாட்டேன் என்கிறார். 30-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மிரட்டுகிறவர்கள் 44 வரை வாசிப்பதேயில்லை.

முதல் நான்கிலும் எழுவாய் ‘நெபெஷ்’. ஆத்துமா என்கிறோம், தொண்டை என்றும் அதற்குப் பொருளுண்டு. மனத்தாங்கலோடு நிற்காமல் உடம்பே ஒப்பாத வெறுப்பு இது.

யோபு 21:10

அங்கேயும் இதே வினை வேறு வடிவில் வருகிறது, ஆனால் எருது எதையும் அரோசிக்கவில்லை. பொலிந்தால், அதாவது பசுவோடு சேர்ந்தால், வீணாவதில்லை, அவ்வளவுதான்.

பிற்காலப் பொருளை உள்ளே நுழைப்பது

யூத வீடுகளில் பாத்திரத்தைக் கொதிநீரில் முக்கி, அது உறிஞ்சியதைக் கக்கவைப்பதை ‘ஹக்அலா’ என்பார்கள். ‘காஅல்’ வினையின் வேர் எழுத்துகள் மூன்றும்தான் இதற்கும் வேர். அதற்காக லேவியராகமம் 26-ல் பாத்திரம் கழுவ வேண்டாம்.