ஆக்சிலேட்டர் கேபிளை இறுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கில் புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் ஆக்சிலேட்டர் கேபிளும் ஒன்று. பல வண்டிகளில் கேபிளின் இறுக்கத்தை மாற்றும் அட்ஜஸ்டர் கிரிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரப்பர் மூடியை விலக்கினால் கையாலேயே திருகலாம், எதையும் கழற்ற வேண்டாம். வம்பும் அதனால்தான் வருகிறது. நான் பழகிய காலத்தில் செய்த அதே வேலைகளை இப்போது பழகுபவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கிறேன். கேபிளை மாட்ட மறப்பது, நட்டைத் தொலைப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை உடனே தெரிந்துவிடும். வெளியே தெரியாமல் இருந்து காசையும் தோலையும் உரிப்பவை வேறு.

பிளேயை முழுவதும் எடுத்துவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிரிப்பை முறுக்கத் தொடங்கியதும் முதலில் கொஞ்ச தூரம் அது சும்மா திரும்ப வேண்டும். அதற்கு அப்புறம்தான் த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் பாகம், திறக்க வேண்டும். அந்தச் சும்மா திரும்பும் தூரம்தான் பிளே. கிரிப்பின் விளிம்பில் அளந்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு இது 2 முதல் 6 மில்லிமீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பிளே தேய்மானத்தால் வந்த குறை என்று நினைத்துக்கொண்டு அதைச் 'சரி' செய்ய இறங்குகிறார்கள். "இறுக்கிவிட்டால் பிக்கப் நன்றாக இருக்கும்" என்று யாராவது கூடவே சொல்லியும் கொடுக்கிறார்கள்.

பிக்கப் கூடாது. கைக்குத்தான் வித்தியாசம் தெரியும், இன்ஜினுக்கு ஒரு மாற்றமும் இல்லை. முழுதாக முறுக்கினால் த்ராட்டில் முன்பு எவ்வளவு திறந்ததோ, இப்போதும் அவ்வளவுதான் திறக்கும். மாறுவது அது மூடும் பக்கம்தான். கேபிளில் அவுட்டர் என்ற வெளி உறை இரண்டு முனையிலும் பொருந்தி நிற்கிறது, இன்னர் என்ற உள் கம்பி அதற்குள் ஓடுகிறது. அட்ஜஸ்டரை வெளியே திருகினால் அவுட்டர் நீண்டது போல ஆகி, இன்னர் இழுபடும். ஓரளவுக்கு மேல் திருகினால், நீங்கள் கிரிப்பைத் தொடாமலேயே த்ராட்டில் ஒரு மயிரிழை திறந்து நிற்கும்.

நேராக நிற்கும் வண்டியில் இது தெரியாமலும் போகலாம். ஹேண்டில்பாரைத் திருப்பும்போதுதான் வேலையைக் காட்டும். திருப்பினால் கேபிளின் வளைவு மாறுகிறது. பிளே இருந்தால் அந்த மாற்றத்தை அது தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்த இழுப்பு நேராக த்ராட்டிலுக்குப் போகும். யூ டர்ன் எடுக்கும்போது, ஹேண்டில்பார் முழுதாக ஒரு பக்கம் போன நேரத்தில், கிளச்சைப் பாதி விட்ட நிலையில், இன்ஜின் தானாக ரேஸ் ஆனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கீழே விழ அந்த ஒரு நொடி போதும்.

ஒரு தம்பி தன் வண்டியைக் கொண்டுவந்தான். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. "அண்ணா, நிறுத்தினால் சில நேரம் ரேஸ் ஆகுது, சில நேரம் தானாக இறங்கிடுது, இன்ஜின் பிரேக்கிங்கும் சரியாக இல்லை" என்றான். அதற்குள் பிளக் மாற்றியிருந்தான், த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தான். கடைசியாக யாரோ சொன்னார்கள் என்று த்ராட்டில் பொசிஷன் சென்சாரையும் புதிதாகப் போட்டிருந்தான். ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடதுபக்கம் முழுதாகத் திருப்பினேன். சத்தம் ஏறியது. வலதுபக்கம் திருப்பினேன், இறங்கியது. கிரிப்பை அசைத்துப் பார்த்தால் பிளே என்று ஒன்றுமே இல்லை. அட்ஜஸ்டரை உள்ளே திருகியதும் ஐடில் (கிரிப்பைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறாமல் இறங்காமல் நிலையாக நின்றது. "சர்வீஸ் முடிந்து வந்தபோது லூஸாக இருந்தது, நான்தான் டைட் பண்ணினேன்" என்றான்.

பழைய சென்சார் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. த்ராட்டில் கொஞ்சம் திறந்திருக்கிறது என்ற உண்மையைத்தான் அது விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. த்ராட்டில் முழுதாக மூடிவிட்டது என்று தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் ஐடிலைத் தன் கையில் எடுக்கும், சரிவில் இறங்கும்போது பெட்ரோலை நிறுத்தும். மூடவே இல்லையென்றால் அது என்ன செய்யும்? பழுதென்று எச்சரிக்கை விளக்குகூட எரியாமல் போகலாம், ஏனென்றால் எந்தப் பாகமும் பழுதாகவில்லை.

கார்புரேட்டர் வண்டியில் இதே தவறு வேறு வேஷத்தில் வரும். ஐடில் குறைகிறது என்றால் அதற்கென்று இருக்கும் ஸ்க்ரூவைத் தொடாமல் கேபிளை இறுக்கி ஏற்றுவார்கள். அப்புறம் அந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் பலன் தெரியாது, ஏனென்றால் த்ராட்டில் அதன்மேல் வந்து உட்காருவதே இல்லை. ஐடிலுக்கு ஸ்க்ரூ, பிளேக்கு அட்ஜஸ்டர். ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுக்காதீர்கள்.

சரியாகச் செய்வது இப்படித்தான். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்டில்பாரை நேராக வைத்தும், இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் கிரிப்பை முறுக்கி விடுங்கள். ஒவ்வொரு நிலையிலும் அது பட்டென்று தானாக மூட வேண்டும். சின்ன மாற்றத்துக்குக் கிரிப் பக்கமுள்ள அட்ஜஸ்டரே போதும். அதில் இடம் தீர்ந்துவிட்டால் த்ராட்டில் பாடி பக்கமுள்ள அட்ஜஸ்டருக்குப் போங்கள். திறப்பதற்கு ஒன்று, மூடுவதற்கு ஒன்று என இரட்டைக் கேபிள் உள்ள வண்டிகளில், வரிசை பொதுவாக இப்படி வரும்: இரண்டையும் நன்றாகத் தளர்த்திவிட்டு, த்ராட்டில் மூடிய நிலையில் மூடும் கேபிளின் தொய்வை மட்டும் எடுங்கள். அதற்கு அப்புறம் திறக்கும் கேபிளில் பிளேயை வையுங்கள். கடைசியில் நியூட்ரலில், சூடான இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு மறுபடியும் இரண்டு பக்கமும் திருப்புங்கள். சத்தம் இம்மிகூட ஏறக் கூடாது.

பயந்துபோய் அளவுக்கு மீறித் தளர்த்துவது

இதில் ஆபத்து குறைவு, தொல்லை அதிகம். விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் வண்டி குதிக்கும். முழுதாக முறுக்கினாலும் த்ராட்டில் முழுதாகத் திறக்காமல் போகலாம்.

அட்ஜஸ்டரை நம்பிப் பாதையை மறப்பது

டேங்கைக் கழற்றி மாட்டிய பிறகு ஐடில் ஏறினால் அட்ஜஸ்டரைத் தொடாதீர்கள். டேங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே கேபிள் நசுங்கியிருக்கும், அல்லது பழைய வழியை விட்டு விலகிப் போயிருக்கும். கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே கிடையாது. உயரமான ஹேண்டில்பார் போடுபவர்கள் பழைய கேபிளையே இழுத்துப் பிடித்து மாட்டுவது இன்னொரு கொடுமை. கேபிளின் நீளம் போதவில்லை என்றால் நீளமான கேபிள்தான் வாங்க வேண்டும். அழகுக்காக பிளாஸ்டிக் டை போட்டு மற்ற வயர்களோடு இறுக்கிக் கட்டுவதும் இதே கணக்குதான். ஹேண்டில்பார் திரும்பும்போது கேபிள் நகர இடம் வேண்டும்.

கையில் கிடைத்ததை உள்ளே ஊற்றுவது

கெட்டி கிரீஸ் தூசியைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேபிளைத் திரும்ப விடாது. துரு நீக்கும் ஸ்ப்ரே அழுக்கைக் கழுவும், ஆனால் சீக்கிரமே காய்ந்துவிடும், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. உள்ளே நைலான் அல்லது டெஃப்லான் குழாய் வைத்து வரும் கேபிள்களில் சிலவற்றுக்கு எண்ணெயே வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். எண்ணெய் விடலாம் என்றிருந்தால் கேபிளுக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை மேல் முனையிலிருந்து விட்டு, கீழ் முனையில் சுத்தமாக வழியும்வரை பொறுங்கள். கிரீஸுக்கு உள்ள ஒரே இடம் கிரிப் பக்கம் கேபிளின் குண்டு முனை உட்காரும் குழி. அங்கேயும் ஒரு தொட்டு போதும்.

கிரிப் ஒட்டிப் பிடித்தால் உடனே கேபிளைக் குற்றம் சொல்வது

கேபிளை மேலே கழற்றிவிட்டு கிரிப்பை மட்டும் சுற்றிப் பாருங்கள். அப்போதும் ஒட்டினால் கேபிள் நிரபராதி. ரப்பர் கிரிப்பை அளவுக்கு மீறி உள்ளே தள்ளி மாட்டியிருந்தால் ஸ்விட்ச் பெட்டியில் உரசும். ஹேண்டில்பார் முனையில் மாட்டும் பார் எண்ட் வெயிட் இறுக்கமாக இருந்தாலும் அப்படித்தான்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பம்பை மறப்பது

சில பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கிரிப்பிலிருந்து வரும் ஒரே கேபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றது ஆயில் பம்புக்கும் போகும். மேலே அட்ஜஸ்டரைத் தொட்டால் பம்பில் உள்ள குறிகள் நேராக இருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அட்ஜஸ்டரை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்காமல் போவது

இறுக்குங்கள்.

ஒரு இழைதானே அறுந்திருக்கிறது என்று விடுவது

கேபிள் பெரும்பாலும் குண்டு முனைக்குப் பக்கத்தில், வளைந்து நிமிரும் இடத்தில்தான் பிரியும். ஒரு இழை அறுந்தால் மற்றவற்றின் மேல் பாரம் ஏறும் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. பிரிந்த அந்த இழை அவுட்டருக்குள் மடங்கிச் சிக்கினால் த்ராட்டில் திறந்தபடியே நின்றுவிடும். வண்டி பாதியில் நிற்பதைவிட இது மோசம். அப்படி ஆனால் கிளச்சைப் பிடித்து, கில் ஸ்விட்சை அணைத்து, ஓரமாக ஒதுங்குங்கள். இரட்டைக் கேபிள் வண்டியானால், ஒன்று பிரிந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், மற்றதும் அதே வயதுதான். பிரிந்த இழையை வெட்டிவிட்டு ஓட்டலாமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். கூடாது.