டர்போ காருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதா? மாற்றுவதற்கு முன் கண்டுபிடியுங்கள்

காரை எடுத்த பிறகு, அது நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) உள்ள வண்டி என்றால் உடனே வருகிற பயம் ஒன்றுதான்: டர்போ போச்சு. பெரும்பாலும் போயிருக்காது. வால்வு கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர், ஒரு சின்ன வாஷர், அடைத்துப்போன பிரீதர் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வழி) என்று காரணம் வேறெங்கோ இருக்கும். எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும். ஆயில் எந்த இடத்தில் வெளியே வருகிறது? அதை வெளியே தள்ளுவது எது? முதல் கேள்வி எல்லா வண்டிக்கும் உண்டு. இரண்டாவதைத்தான் டர்போ வண்டியில் பலரும் கேட்பதில்லை, அதனால்தான் புதிதாகப் போட்ட சீல் மூன்றே மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது.

முதலில், கீழே விழுவது என்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரியுங்கள், முன் சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்று அதில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், காலையில் எந்தச் சொட்டு எதற்கு நேர்க்கீழே விழுந்தது என்று தெரிந்துவிடும். பழுப்பு அல்லது கறுப்பாக, தொட்டால் வழுக்கினால் என்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் இனிப்பான வாசனையோடு இருந்தால் கூலன்ட், பல டர்போக்களுக்குக் கூலன்ட் குழாயும் போவதால் அதையும் மனதில் வையுங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி., கவலை வேண்டாம்.

அப்புறம் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. சமதரையில், என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தால் ஊற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், அதிக ஆயில் நுரைக்கும், டர்போவிலிருந்து கீழே இறங்க வேண்டிய ஆயிலுக்கும் வழி விடாது. ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், பக்கத்தில்தானே வீடு என்று ஓட்டாதீர்கள். எரியும் வாடையோ பானட் ஓரத்தில் புகையோ வந்தாலும் அப்படியே. பெட்ரோல் என்ஜின் முழு பாரத்தில் ஓடும்போது டர்போவின் டர்பைன் பக்கத்துக்குள் போகும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும், என்ஜின் ஆயிலின் ஆவியோ 200 டிகிரிக்குச் சற்று மேலேயே பற்றிக்கொள்ளக்கூடியது. அந்த இரும்பின் மேல் ஆயில் சொட்டுவது தீ விபத்துக்கான வழி.

அடியில் போவதற்கு முன்: வண்டி ஆற வேண்டும், டர்போ ஆறுவதற்கு மற்ற பாகங்களைவிட நேரம் பிடிக்கும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். கெட்டியான தரையில் ஜாக் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

இப்போது முக்கியமான வேலை. ஆயில் சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் பெரும்பாலும் ஒன்றில்லை. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, ஓடும்போது அடிக்கும் காற்று பின்னால் தள்ளுகிறது. ஆகவே நனைந்திருக்கும் இடங்களிலேயே எது மிக மேலே, மிக முன்னால் இருக்கிறதோ அதைத்தான் தேட வேண்டும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றுங்கள், போன முறை ஃபில்டர் மாற்றும்போது சிந்திய ஆயில் அதில் தேங்கி நின்று வாரக்கணக்கில் சொட்டும், லீக்கே இல்லாமல் லீக் மாதிரி காட்டும். என்ஜினை டிகிரீசர் போட்டுக் கழுவுங்கள், ஆல்டர்னேட்டரையும் ஒயர் கனெக்டர்களையும் ஏர் இன்டேக்கையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, பிரஷர் வாட்டர் அடிக்காமல். காய்ந்ததும் 20, 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள், அதில் கொஞ்ச நேரமாவது டர்போ நன்றாக வேலை செய்யும்படி மேடு ஏறுங்கள் அல்லது வேகம் எடுங்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது மட்டும் ஒழுகும் லீக், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது) எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது. திரும்பி வந்ததும் டார்ச் அடித்து மேலிருந்து கீழே பாருங்கள்.

இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. என் வண்டியில் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியது. கிராங்க் தண்டின் பின்பக்க சீல் போயிருக்கிறது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். இறக்குவதற்கு முன் ஒருமுறை கழுவிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கழுவி ஓட்டி வந்து பின்பக்கம் சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்த்தால், வால்வு கவரின் பின் மூலையிலிருந்து ஒரு மெல்லிய கோடு பிளாக்கின் முதுகில் இறங்கி, சரியாகக் கியர்பாக்ஸ் வாயில் போய் நின்றது. அரை நாள் வேலை. பின்பக்க சீல் என்று யார் சொன்னாலும், மேலே ஈரமே இல்லை என்று கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள்.

கழுவியும் பிடிபடவில்லை என்றால் யூ.வி. சாயம். என்ஜின் ஆயிலுக்கு என்றே விற்கும் சாயத்தைச் சொன்ன அளவு ஊற்றி, ஓட்டிவிட்டு, இருட்டில் யூ.வி. விளக்கும் மஞ்சள் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் கசியும் இடம் பளிச்சென்று மின்னும். சந்தேகப்படும் இடத்தில் டால்கம் பவுடர் தூவினாலும் போதும், ஈரம் பட்ட கோடு அப்படியே தெரியும்.

எல்லா என்ஜினுக்கும் பொதுவான இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: வால்வு கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கும் ஆயில் கூலரும் சேரும் கேஸ்கெட், ஆயில் பிரஷர் சுவிட்ச் (கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்ச்தான்), டிரெயின் போல்ட் வாஷர், சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), டைமிங் கவர், முன் கிராங்க் சீல், கேம் சீல். புதிதாக ஃபில்டர் மாற்றிய உடனே கொட்டினால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியதைப் போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள்.

டர்போவுக்கு வருவோம். டர்போவுக்கு ஆயில் போகும் குழாய் மெல்லியது, முழு பிரஷரில் இருப்பது. அதன் முனையில் பெரும்பாலும் பேஞ்சோ போல்ட் (நடுவில் ஆயில் போகத் துளையுள்ள போல்ட்), அதற்கு இரு பக்கமும் காப்பர் அல்லது அலுமினிய வாஷர். இங்கே கசிந்தால் என்ஜின் ஓடும்போது வேகமாக ஒழுகும், சூட்டில் புகையும். திரும்பும் குழாய் அகலமானது, அதில் பிரஷர் கிடையாது, ஆயில் தன் கனத்தில் தானாகக் கீழே இறங்க வேண்டும். டர்போவின் அடி ஃபிளாஞ்சில் ஒரு கேஸ்கெட், பிளாக் அல்லது சம்ப் பக்கம் ஒரு ஓ-ரிங் அல்லது ரப்பர் ஹோஸ். அடுப்புக்குப் பக்கத்தில் வாழும் ரப்பர் அது, வெந்து கெட்டியாகி ஒழுகும், பார்ப்பதற்கு டர்போவே ஒழுகுவது போல இருக்கும்.

டர்போவின் உள்ளே சுழலும் தண்டின் இரு முனையிலும் இருப்பது கிராங்க் சீல் போன்ற ரப்பர் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு மெல்லிய வளையம். சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும், அந்த வேகத்தில் ரப்பர் நிற்காது. அந்த வளையம் ஆயிலை இறுக்கிப் பிடிப்பதில்லை. இரண்டு பக்கத்துக் காற்றழுத்தமும் ஆயில் தடையில்லாமல் கீழே இறங்குவதும் சேர்ந்துதான் ஆயிலை உள்ளே வைத்திருக்கின்றன. திரும்பும் குழாய் கரி பிடித்து அடைத்தாலும், கிராங்க் கேஸில் (என்ஜினின் அடியில் கிராங்க் தண்டு சுழலும் அறையில்) அழுத்தம் ஏறினாலும், ஆயில் நடுவில் தேங்கி அந்த வளையத்தைத் தாண்டிவிடும். நல்ல டர்போகூட நீலப் புகை விடும். அந்த நிலையில் புது டர்போ வாங்கிப் போட்டாலும் அதுவும் ஒழுகும். ஆகவே டர்போவுக்குத் தீர்ப்பு எழுதுவதற்கு முன் திரும்பும் குழாயைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், மடிப்போ தொய்வோ இல்லாமல் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

கிராங்க் கேஸ் அழுத்தத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், பல மர்ம லீக்குகள் இங்கேதான் தொடங்குகின்றன. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே போகும், அதை வெளியேற்றத்தான் பி.சி.வி. என்ற பிரீதர் அமைப்பு. டர்போ உள்ள பெட்ரோல் என்ஜினில் அதற்குப் பெரும்பாலும் இரண்டு வழி. ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) உறிஞ்சிக்கொள்ளும். பூஸ்ட் ஏறியதும் மேனிஃபோல்டிலேயே அழுத்தம் வந்துவிடுவதால் அந்த வழி ஒரு செக் வால்வால் (ஒரு திசையில் மட்டும் வழிவிடும் வால்வு) மூடப்பட்டு, வாயு டர்போவுக்கு முன்னாலுள்ள குழாய்க்குப் போகும். செக் வால்வு மூடவில்லை என்றால் பூஸ்ட் நேராக என்ஜினுக்குள் புகும். பலூன் மாதிரி ஊதிய என்ஜின், எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் துப்பும், டிப்ஸ்டிக்கைக்கூட மேலே தள்ளும்.

சோதிப்பது சுலபம். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வையுங்கள். பெட்ரோல் என்ஜினில் தாள் லேசாக ஒட்டினால் நல்லது. மூடியைத் திறக்கவே முடியாதபடி இழுத்தாலோ விசில் சத்தம் கேட்டாலோ பி.சி.வி. டயஃப்ரம் கிழிந்திருக்கும். தாளைத் தூக்கி எறிந்தால் உள்ளே அழுத்தம். டீசலில் லேசான மூச்சு இருப்பது சகஜம், மூடி குதித்தால்தான் கோளாறு. பிறகு மேனிஃபோல்டு பக்கத்துச் செக் வால்வைக் கழற்றி ஒரு சுத்தமான ஹோஸை மாட்டி ஊதுங்கள், என்ஜினிலிருந்து மேனிஃபோல்டு பக்கம் காற்று போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. பிரீதர் எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் இருந்தால் ரிங் தேய்மானம், கம்ப்ரஷன் அல்லது லீக்-டவுன் சோதனைதான் சொல்லும். கம்ப்ரஸர் காற்றை நேராக கிராங்க் கேஸுக்குள் விட்டுச் சோதிக்காதீர்கள், நன்றாக இருக்கிற சீலும் பிதுங்கிவிடும்.

இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் பாகம்) குழாயைக் கழற்றி உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கிறதே என்று பதற வேண்டாம். பிரீதர் வாயு அந்த வழியாகத்தான் போகிறது, மெல்லிய படலம் இயல்பு. ஊற்றினால் வழிகிற அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் பிரச்சினை. டர்போ தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருக்கும், முன்பின் ஆட்டம் தெரியவே கூடாது, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தால் டர்போ முடிந்தது. டீசலில் இதை அலட்சியம் செய்யாதீர்கள், இன்டேக்கில் நிறைய ஆயில் போனால் என்ஜின் அதையே எரித்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் என்றால் பிரேக்கை முழுதாக அழுத்தி, மேல் கியர் போட்டு, கிளட்சைச் சட்டென விட்டு அணைக்கப் பார்க்கலாம்.

சரி, சரிசெய்வது. பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், அலுமினியத்தில் இரும்புச் சுரண்டி கீறல் போட்டால் அந்தக் கீறலே அடுத்த லீக். பிரேக் கிளீனரால் துடைத்து இரு பக்கமும் எண்ணெய் இல்லாமல் காய விடுங்கள். வால்வு கவர் போல்ட் பல என்ஜின்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான், டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்கினால் கவர் வளையும். உங்கள் என்ஜினின் அளவையும் இறுக்கும் வரிசையையும் கையேட்டில் பாருங்கள். ஆர்.டி.வி. சிலிக்கான் (காற்றுப் பட்டுக் கெட்டியாகும் அடைப்புப் பசை), கையேடு சொல்லும் மூலைகளில் மட்டும், மெல்லிய கோடாக, காய்வதற்குக் குப்பியில் சொன்ன நேரம் முழுதும் கொடுங்கள். வாஷர் எல்லாம் புதியதுதான், நசுங்கிய காப்பர் மறுபடி நசுங்காது. டர்போ ஆயில் குழாயில் மட்டும் டெஃப்லான் டேப்போ சிலிக்கானோ வேண்டவே வேண்டாம், அதிலிருந்து பிய்ந்த துணுக்கு உள்ளே போய் மெல்லிய வழியை அடைத்தால் டர்போ சில நிமிடத்தில் செத்துவிடும். லீக்கை நிறுத்தும் மருந்து என்று விற்பதை நான் ஊற்ற மாட்டேன், அது ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கலாம், கேஸ்கெட்டையோ வாஷரையோ பிரீதரையோ சரிசெய்யாது.

டர்போவையோ அதன் ஆயில் குழாயையோ கழற்றினீர்கள் என்றால், மாட்டும்போது ஆயில் துளையில் சுத்தமான என்ஜின் ஆயிலை விட்டுக் கையால் தண்டைச் சுற்றுங்கள். எரிபொருளை நிறுத்திவிட்டு ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் விட்டு விட்டுச் சுற்றுங்கள், பிறகு ஓட விட்டுச் சில நிமிடம் ஐடிலிலேயே வையுங்கள், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள்.

கடைசியாக எல்லாவற்றையும் மறுபடி துடைத்துவிட்டு ஓட்டுங்கள். 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை அதே டார்ச், அதே கண்ணாடி. முதல் சில நாள் பழைய ஆயில் இடுக்குகளிலிருந்து புகையும், அது குறைந்துகொண்டே வர வேண்டும். பிளாஸ்டிக் தட்டை இரண்டாவது சோதனைக்குப் பிறகே மாட்டுங்கள், இரவில் அதே அட்டையை விரியுங்கள்.