ஒரு வயதுக் குழந்தைக்கு பொம்மை வாங்குவது எப்படி?

பொம்மைக் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் முதலில் கேட்பது "பையனா, பொண்ணா?" என்றுதான். ஒரு வயதில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. குழந்தை இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி, அதற்கான பதில் கடையில் கிடைக்காது, வீட்டில்தான் இருக்கிறது.

படி 1: கொஞ்சம் வேடிக்கை பாருங்கள்

இந்த வயதுக் குழந்தை கையில் கிடைத்ததைக் கீழே போடும், எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடும். டப்பாவுக்குள் எதையாவது போட்டு எடுக்கும். இரண்டு சாமானை ஒன்றோடொன்று தட்டும், கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடக்கும், நீங்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யும். உங்கள் குழந்தை இதில் எதை ஓயாமல் செய்கிறதோ அதற்கு ஏற்ற பொம்மையை வாங்குங்கள். போட்டு எடுக்கிற குழந்தைக்கு அகலமான வாய் உள்ள டப்பாவும் நாலைந்து பெரிய கட்டைகளும், எறிகிற குழந்தைக்கு துணிப்பந்து, தட்டுகிற குழந்தைக்கு சின்ன மேளம்.

கம்பியில் வளையங்களை அடுக்கும் பொம்மை வாங்கினால், குழந்தை வளையங்களை உருவிப் போட மட்டும்தான் செய்யும். அதுவே போதும். பெரிசு சிறிசு பார்த்து அடுக்குவதெல்லாம் ரொம்பப் பின்னால் வருகிற விஷயம், அதற்காக இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுக்க வேண்டாம்.

பட்டனை அமுக்கினால் பாடி, ஆடி, கண் சிமிட்டி எல்லா வேலையையும் பொம்மையே பார்த்துக்கொண்டால் குழந்தைக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு அந்த ரகமே பிடிக்காது. உறவினர் பரிசாகக் கொடுத்துவிட்டால், "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்று சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

படி 2: நடைவண்டியா, வாக்கரா?

நடுவில் உட்காரவைத்து, கால் தரையைத் தொடும்படி சக்கரத்தில் ஓடுமே, அந்த வட்ட வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் போட்டால் சீக்கிரம் நடந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், அப்படி ஒன்றும் நடப்பதில்லை. படியில் உருண்டு விழுவதும், கைக்கு எட்டாத சூடான பாத்திரம் சட்டென்று எட்டிவிடுவதும்தான் நடக்கிறது. கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

பின்னால் நின்று தள்ளுகிற மர நடைவண்டி வேறு. எதையாவது பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கத் தொடங்கிய குழந்தைக்கு அது அருமையான சாமான். ஆனால் கடையில் ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: கைப்பிடியை மேலிருந்து கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். குழந்தை எழுந்து நிற்கும்போது தன் எடை முழுவதையும் அதன்மேல்தான் போடும், அப்போது வண்டி பின்பக்கம் சாய்ந்தாலோ முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடினாலோ குழந்தை விழுந்துவிடும். அடிப்பாகம் அகலமாக, கனமாக இருக்கும் வண்டியாக எடுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் எந்த வண்டியும் வேகமாகத்தான் ஓடும், அதனால் தொடக்கத்தில் பாய் விரித்து அதன்மேல் ஓட்ட விடுங்கள், ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

படி 3: அளவைப் பாருங்கள்

பெட்டியில் "3 வயதுக்கு மேல்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனத்தைப் பற்றியது இல்லை, தொண்டையைப் பற்றியது. உள்ளே சின்னப் பாகங்கள் இருக்கின்றன, விழுங்கினால் மூச்சு அடைக்கும் என்று அர்த்தம். "எங்க பிள்ளை ரொம்ப ஷார்ப்" என்று சொல்லி அதை வாங்கக் கூடாது.

தரச் சோதனையில் இதற்கென்று ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதாவது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலம். அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குள் ஆகாது. வீட்டில் சோதிக்க டிஷ்யூ ரோல் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாய் போதும், அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் நல்லதுதான். பந்து என்றால் நாலரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் கோலி, துள்ளும் குட்டி ரப்பர் பந்து, ஏன், நம் ஊர் சொப்புச் சாமானில் முக்கால்வாசிகூடத் தேறாது. சொப்பை மூன்று வயதுக்கு எடுத்து வையுங்கள்.

படி 4: முத்திரை

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்றும் (மின்சாரம், பேட்டரியில் ஓடுவது என்றால் 15644), கீழே உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை, முத்திரை தருகிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையானதுதானா என்று தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கும், புவிசார் குறியீடு (இன்ன ஊருக்கே உரிய பொருள் என்கிற அரசுப் பதிவு) பெற்ற பொம்மைகளுக்கும் இந்த முத்திரை கட்டாயமில்லை. அந்தக் குறியீடு பெற்ற கர்நாடகத்துச் சன்னபட்னா மரப்பொம்மையில் முத்திரை இல்லாவிட்டால் அது போலி என்று அர்த்தமில்லை. எந்த மரப்பொம்மையானாலும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அங்கேயே வைத்துவிடுங்கள். இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தானே போகும்.

படி 5: கடையிலேயே இழுத்துப் பாருங்கள்

கூச்சப்படாதீர்கள். கண், மூக்கு, பட்டன், சக்கரம் எல்லாவற்றையும் பிடித்து இழுங்கள். ஓரங்களில் விரலை ஓட்டுங்கள். குலுக்கிப் பாருங்கள், கிலுகிலுப்பை என்றால் மூடி ஒட்டியிருக்கும் இடத்தை இரண்டு கையாலும் திருகிப் பாருங்கள், ஏனென்றால் அது உடைந்தால் உள்ளே இருக்கும் மணி மொத்தமும் வெளியே வந்துவிடும். கயிறு இருந்தால் ஒரு ஜாணுக்கு மேல் நீளம் வேண்டாம்.

பேட்டரி போடும் இடம் ஸ்க்ரூ வைத்து மூடியிருக்கிறதா என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், தானாக வெளியே வரும் என்று காத்திருக்காமல், நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காந்தம் உள்ள பொம்மையும், தண்ணீரில் ஊறிப் பருக்கும் ஜெல் மணிகளும் வீட்டிலேயே வேண்டாம்.

படி 6: வாங்கி வந்த பிறகு

பிளாஸ்டிக் கவர், கட்டுக்கம்பி, விலைச்சீட்டு எல்லாவற்றையும் முதலில் குப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கை சோப்புத் தண்ணீரில் கழுவலாம், மரத்தை ஊறவைக்காமல் துடைத்தால் போதும். ஒரே நேரத்தில் நாலைந்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மற்றதைப் பரணில் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து மாற்றினால் பழைய பொம்மையே புதுசாகிவிடும். நடுநடுவே எவர்சில்வர் கிண்ணம், மரக்கரண்டி, டப்பா மூடி, கெட்டி அட்டைப் புத்தகம். போனை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், ஒரு வயதில் திரையே வேண்டாம் என்றுதான் உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொன்னது.

வீட்டில் அண்ணனோ அக்காவோ இருந்தால் அவர்களுடைய குட்டிக் குட்டிக் கட்டைகளை மேசைமேல் வைத்து விளையாடச் சொல்லுங்கள், தரையில் வேண்டாம். பிறந்தநாளுக்குப் பலூன் கட்டினால், வெடித்த துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிய பிறகுதான் குழந்தையைக் கீழே இறக்கிவிட வேண்டும்.