முகவர்கள் பேசிக்கொள்ளும் முறையை வடிவமைப்பது எப்படி: தோவாளைச் சந்தையை வைத்து ஒரு செய்முறை

தாமே முடிவெடுத்து ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் மென்பொருள்களான முகவர்கள் பல சேர்ந்ததே பல முகவர் அமைப்பு. அதைக் கட்டப் புகுபவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு முகவருக்குள்ளும் ஓட வேண்டிய நிரலையே முதலில் எழுதுகிறார்கள். ஆனால் எந்தச் செய்தி, எந்த வரிசையில், எவ்வளவு நேரத்துக்குள் போய்வர வேண்டும் என்பதைத் தாளில் வரைந்த பிறகு நிரலில் கைவைப்பதே நல்லது.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ எடுத்த வியாபாரிக்குத் திருவனந்தபுரம் செல்ல வேன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரிக்கு ஒரு முகவர், வேன் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவர். வேலையை அறிவித்து, விலை கேட்டு, ஒருவரிடம் ஒப்படைக்கும் முறையான காண்ட்ராக்ட் நெட் நெறிமுறை இதற்குப் பொருந்தும்; ரீட் ஸ்மித் அதை 1980இல் வெளியிட்டார். பின்னாளில் முகவர் மென்பொருள்களுக்குத் தரங்கள் வகுத்த ஃபிப்பா (FIPA) அமைப்பு அதைத் தரப்படுத்தியது.

முதலில் செய்தி வகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வியாபாரி முகவர் வேன் வாடகைக்கு விலை கேட்கிறது. வேன் முகவர் வாடகை சொல்கிறது அல்லது மறுக்கிறது. வியாபாரி முகவர் ஒன்றை ஏற்று மற்றவற்றை நிராகரிக்கிறது. ஏற்கப்பட்ட வேன், சரக்கு சேர்ந்தது என்றோ முடியவில்லை என்றோ அறிவிக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு செய்தியிலும் அனுப்புநர், பெறுநர், உரையாடல் எண், பதில் கெடு ஆகிய நான்கும் இருக்கட்டும். 'தோவாளை-பிச்சி-07, 30 கிலோ, பதில் கெடு 5.10' என்று போனால், எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்ற குழப்பம் எழாது.

கெடுவைத்தான் தொடக்கநிலையினர் அதிகம் மறக்கிறார்கள். பதிலே அனுப்பாத ஒரு வேனுக்காக வியாபாரி முகவர் காத்துக்கொண்டே இருந்தால், பூ வாடிவிடும். 5.10க்குள் வந்தவற்றை மட்டும் ஒப்பிட்டு, பிந்தி வருவதை நிராகரியுங்கள். ஒரு விலையும் வராவிட்டால் கெடுவை நீட்டிப்பதா, வாடகை வரம்பை உயர்த்துவதா என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுங்கள்.

இதைவிடச் சிக்கலானது இரட்டை ஒப்புதல். ஓணக் காலத்தில் பல வியாபாரிகள் ஒரே நேரத்தில் கேட்கும்போது, ஒரே வேன் முகவர் இருவருக்கு விலை சொல்லி, இருவருமே ஏற்றுவிடக்கூடும். விலை சொன்னவுடன் வேனில் அந்த இடத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்து, விலைக்கும் ஒரு காலாவதி நேரம் கொடுப்பதையே நான் விரும்புவேன். அந்நேரம் கடந்தால் இடம் தானாகவே விடுபடும்.

இறுதியாக, ஜாவாவில் எழுதுபவர்கள், முகவர்களை உருவாக்க உதவும் ஜேட் (JADE) தளத்திலுள்ள ஸ்னிஃபர் கருவியைத் திறந்து செய்திகளின் ஓட்டத்தைப் பாருங்கள். ஏற்கப்பட்ட வேன் முகவரை நடுவழியில் வேண்டுமென்றே நிறுத்தி, வியாபாரி முகவர் அடுத்த மலிவான விலைக்குத் திரும்புகிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள்.