சர்வீஸ் முடிந்த ரெகுலேட்டருக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்

சர்வீஸ் முடிந்து வந்த ஸ்கூபா ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, மூச்சிழுக்கத் தரும் கருவி), கடலுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு வாளித் தண்ணீரில் சோதித்துவிடுங்கள். சிலிண்டரில் மாட்டி வால்வைத் திறங்கள். செகண்ட் ஸ்டேஜில், அதாவது வாயில் வைக்கும் பகுதியில், மூச்சிழுக்கும் கனத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் முழுக்கத் தளர்த்தி, காற்றோட்டத்தை மாற்றும் வென்சுரி சுவிட்சை மைனஸில் வையுங்கள். அப்புறம் மவுத்பீஸ் மேலே பார்க்க, அதை மெதுவாகத் தண்ணீரில் இறக்குங்கள். அதிலுள்ள நெகிழும் சவ்வான டயாஃப்ரம் ஏறக்குறைய 2.5 முதல் 4 செ.மீ. மூழ்கியதும் காற்று சீறினால் சரி.

உள்ளே இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம். டயாஃப்ரத்தை அழுத்துவது தண்ணீர். அதனால் சீறத் தொடங்கும் ஆழம்தான், வால்வைத் திறக்க நீங்கள் உறிஞ்ச வேண்டிய அளவு. இன்னும் ஆழத்தில் சீறினால் மூச்சிழுக்கக் கனமாக இருக்கும். தண்ணீரைத் தொட்டதுமே சீறினால் காற்று தானாக ஒழுகும் வாய்ப்பு அதிகம். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பும் ஒருமுறை அளந்து வையுங்கள், ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

ஆக்டோபஸை, அதாவது அவசரத்துக்கு வைத்திருக்கும் கூடுதல் செகண்ட் ஸ்டேஜை, வேண்டுமென்றே சற்று இறுக்கமாக வைப்பதுண்டு, அதற்கு இந்த அளவு பொருந்தாது. டயாஃப்ரம் பக்கவாட்டில் உள்ள மாடல்களுக்கும் இப்படி அளக்க முடியாது. சிலிண்டரில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அழுத்தம் மெல்ல ஏறுகிறதா என்பதற்கு அழுத்தமானிதான் வேண்டும்.